மணி அடிக்காத படிப்பு: முதுகலை மாணவர் தம் வேலையை ஒழுங்குபடுத்துவது எப்படி?

பள்ளியில் மணி அடித்தால் ஒரு பாடம் முடிந்து அடுத்த பாடம் தொடங்குகிறது. எஸ்.பி.எம். தேர்வுக்கு நாள் குறிப்பது அரசாங்கம். டியூஷன் வகுப்பு எத்தனை மணிக்கு என்று சொல்வது ஆசிரியர். இளங்கலைப் பட்டப்படிப்பிலும் விரிவுரை அட்டவணை, இடுபணி ஒப்படைக்கும் நாள், பருவத் தேர்வு என்று ஏதாவது ஒன்று நம்மைப் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே இருக்கும். முதுகலை, முனைவர் பட்ட ஆய்வுக்குள் நுழைந்ததும் இந்த மணிகள் ஒவ்வொன்றாக நின்றுபோகின்றன. ஆய்வேட்டை ஒப்படைக்க ஆண்டுக்கணக்கில் அவகாசம் இருக்கிறது. ஆனால், நாளைக் காலை எட்டு மணிக்கு எதைச் செய்யவேண்டும் என்று சொல்ல யாரும் இல்லை.

இந்தச் சுதந்திரம் முதலில் இனிக்கும். ஆறு மாதம் கழித்துத்தான் அதன் விலை தெரியும். பதிவிறக்கம் செய்த கட்டுரைகள் படிக்கப்படாமலே கிடக்கும். முதல் அத்தியாயம் அதே மூன்றாம் பக்கத்தில் நிற்கும். மேற்பார்வையாளரின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதக் கூச்சமாக இருக்கும். பருவத்துக்குப் பருவம் கட்டணம் மட்டும் தவறாமல் போய்க்கொண்டிருக்கும். பல்கலைக்கழகம் விதித்த காலவரம்பு நெருங்கும்போது, வேலைப்பளு என்று ஒரு காரணத்தைச் சொல்லிவிட்டு ஓசையின்றி விலகிக்கொள்பவர்கள் உண்டு. அவர்களில் பலர் பள்ளியில் சிறந்த தேர்ச்சி பெற்றவர்கள்தாம். அறிவில் குறையில்லை. பெரிய வேலையைத் துண்டுகளாக்கி நாள்களில் பொருத்தும் பழக்கம் இல்லாததால் நின்றுபோன ஆய்வுகள் அவை.

நம் சமூகத்தில் மேற்கல்வி பயில்வோர் பலருக்கு இந்தச் சிக்கல் இரட்டிப்பு. பகல் முழுதும் தமிழ்ப்பள்ளியில் பாடம் நடத்திவிட்டு மாலையில் தலைநகருக்குக் காரோட்டி வரும் ஆசிரியை, தொழிற்சாலையில் வேலை செய்துகொண்டே வார இறுதியில் ஆய்வைத் தொடும் பொறியியலாளர் போன்றோருக்கு நேரம் குறைவு. இருக்கும் நேரமும் சிதறிக் கிடக்கும். குடும்பத்தின் முதல் பட்டதாரியாக இருந்துவிட்டால், “இன்னும் எத்தனை வருசம்தான் படிப்பே?” என்ற கேள்விக்கும் வீட்டில் பதில் சொல்லியாகவேண்டும். அழகான நாள்குறிப்பேடு ஒன்றை வாங்கிவிட்டால் இது தீராது. மணி அடிக்க ஆள் இல்லாத இடத்தில் நமக்கு நாமே மணி அடித்துக்கொள்ளும் சில ஏற்பாடுகள் வேண்டும். அவை எவை, ஏன் பலன் தருகின்றன என்று பார்ப்போம்.

பார்க்கின்சன் கண்ட உண்மை

இந்தச் சிக்கலை உலகறியச் சொன்னவர் நம் வட்டாரத்தில் வாழ்ந்தவர். சிரில் நார்த்கோட் பார்க்கின்சன் 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் வரலாற்றுப் பேராசிரியராக இருந்தார். அப்போது அந்தப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இயங்கியது. இன்று கோலாலம்பூரில் இருக்கும் மலாயாப் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் அந்த ஒரே வேரிலிருந்து கிளைத்தவை. 1955ஆம் ஆண்டு நவம்பரில் ‘தி எக்கனாமிஸ்ட்’ இதழில் வெளியான அவருடைய கட்டுரை ஒன்று, அரசாங்க அலுவலகங்களில் ஆள்பலம் ஏன் பெருகிக்கொண்டே போகிறது என்று கிண்டலாக ஆராய்ந்தது. அதன் அடிப்படைக் கருத்து எளியது. ஒரு வேலைக்கு எவ்வளவு நேரம் கொடுக்கிறோமோ, அவ்வளவு நேரத்துக்கும் அந்த வேலை ஊதிப் பெருகிவிடும்.

வேறு வேலை இல்லாத மூதாட்டி ஒருவர் உறவுப் பெண்ணுக்கு ஓர் அஞ்சலட்டை அனுப்ப முழு நாளையும் செலவிடுவதை அவர் எடுத்துக்காட்டினார். அட்டையைத் தேடுவது, மூக்குக் கண்ணாடியைத் தேடுவது, முகவரியைத் தேடுவது என்றே பொழுது போய்விடும். அதே அட்டையை நிறைய வேலை உள்ளவர் மூன்று நிமிடத்தில் அனுப்பிவிடுவார். ஆய்வு மாணவருக்கு இது நன்றாகவே பொருந்தும். இலக்கிய மீளாய்வுக்கு ஓராண்டு இருக்கிறது என்று நினைத்தால் அது ஓராண்டை விழுங்கும். ஆகவே, பல்கலைக்கழகம் தரும் பெரிய காலக்கெடுவுக்குள் நாமே சிறிய காலக்கெடுகளை வைத்தாகவேண்டும்.

இன்னொரு பக்கம், நாம் போடும் கணக்கே பெரும்பாலும் தவறிவிடுகிறது. கனடாவில் உளவியலாளர்கள் சிலர் 1994இல் வெளியிட்ட ஆய்வு இதை அழகாகக் காட்டியது. ஆய்வேடு எழுதிக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்களிடம், எத்தனை நாளில் முடிப்பீர்கள் என்று கேட்டார்கள். சராசரிப் பதில் ஏறக்குறைய 34 நாள். எல்லாமே தவறாகப் போனால் எத்தனை நாள் ஆகும் என்று மறுபடி கேட்டபோது கிடைத்த பதில் ஏறக்குறைய 49 நாள். உண்மையில் ஆனது 55 நாளுக்கும் மேல். தாங்களே சொன்ன நாளுக்குள் முடித்தவர்கள் பத்தில் மூன்று பேர்தான். மிக மோசமாக நினைத்துப் பார்த்த கணக்கைக் கூட நடப்பு மிஞ்சிவிட்டது.

இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டிய பாடம் நடைமுறைக்கு எளிதானது. ஓர் அத்தியாயத்துக்கு நான்கு வாரம் போதும் என்று தோன்றினால் ஆறு வாரம் என்று எழுதிக்கொள்ளுங்கள். போனமுறை இதே அளவு வேலைக்கு எவ்வளவு நாள் பிடித்தது என்பதையும் பாருங்கள். நம் நம்பிக்கையைவிட நம் பழைய கணக்கு நேர்மையானது.

168 மணி நேரத்தின் கணக்கு

வாரத்துக்கு 168 மணி நேரம். அதில் ஆய்வுக்கு உண்மையில் எவ்வளவு கிடைக்கும் என்பதைப் பகுதிநேர முதுகலை மாணவியான ஓர் ஆசிரியையை வைத்துக் கணக்கிடுவோம். தினம் ஏழு மணி நேரம் உறக்கம் என்றால் வாரத்துக்கு 49. பள்ளி, பயணம், பாடத் தயாரிப்பு எல்லாம் சேர்ந்து நாளுக்குப் பத்து மணி என்று ஐந்து நாளுக்கு 50. சமையல், குளியல், சாப்பாடு, வீட்டு வேலை என்று தினம் நான்கு மணி, ஆக 28. குடும்பம், கோயில், உறவினர் வீட்டு நிகழ்ச்சி என்று ஒரு 12. மொத்தம் 139. மிச்சம் 29 மணி நேரம்.

கேட்க நிறைவாக இருக்கிறது. ஆனால், இந்த 29 மணி நேரமும் ஒரே இடத்தில் இல்லை. இரவு பத்து மணிக்கு அரை மணி, சனிக்கிழமை பிற்பகலில் ஒரு மணி என்று சிதறிக் கிடக்கிறது. களைப்பும் கைப்பேசியும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்ளும். நம்பி எண்ணக்கூடியது வாரம் 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். பண்டிகை, தேர்வுத்தாள் திருத்தம், உடல்நலக் குறைவு என்று ஆண்டில் 12 வாரங்களை விட்டுவிட்டால் மிஞ்சுவது 40 வாரம், அதாவது 480 மணி நேரம். எட்டு மணி நேர வேலைநாளாக மாற்றினால் 60 நாள்.

ஓராண்டு இருக்கிறது என்று நினைத்துக்கொண்டிருந்தவரிடம் உண்மையில் இருப்பது 60 நாள். இந்தக் கணக்கை ஒருமுறை காகிதத்தில் போட்டுப் பார்த்தவர்கள் அதன்பின் நேரத்தை வேறு கண்ணோடு பார்ப்பார்கள். முழுநேர மாணவர்களும் இதைப் போட்டுப் பார்க்கலாம். பயிற்றுநர் வேலை, ஆய்வு உதவியாளர் வேலை, மாணவர் சங்கப் பொறுப்பு ஆகியவற்றைக் கழித்தபின் அவர்களுக்கும் நினைத்ததைவிடக் குறைவாகவே மிஞ்சும்.

கிடைக்கும் 12 மணி நேரமும் ஒரே தரமானதன்று. மூளை தெளிவாக இருக்கும் நேரத்தை எழுதுவதற்கும் கடினமான கட்டுரைகளைப் படிப்பதற்கும் ஒதுக்குங்கள். களைத்த நேரத்தில் மேற்கோள் பட்டியலைச் சரிபார்க்கலாம், கோப்புகளைப் பிரித்து அடுக்கலாம், மின்னஞ்சலுக்குப் பதில் போடலாம். அதிகாலை ஐந்து மணி சிலருக்குப் பொற்காலம். சிலருக்கு இரவு பத்து மணிக்குமேல்தான் எழுத்து ஓடும். எது தமக்குப் பொருந்தும் என்பதை இரண்டு வாரம் கவனித்தாலே தெரிந்துவிடும்.

எழுதி வைத்தால் மனம் விடும்

பாடம் நடத்தும்போது ஆய்வேடு நினைவுக்கு வரும். ஆய்வேட்டைத் திறந்தால் திருத்தாத பயிற்சிப் புத்தகங்கள் நினைவுக்கு வரும். பாதியில் விட்ட வேலை மனத்தைச் சுரண்டிக்கொண்டே இருக்கும். இதைப் போக்க வேலையை முடித்தே ஆகவேண்டும் என்பதில்லை. அமெரிக்க உளவியலாளர்கள் மசிகாம்போ, பாமைஸ்டர் இருவரும் 2011இல் வெளியிட்ட ஆய்வின்படி, முடிக்காத வேலைக்குத் தெளிவான திட்டம் ஒன்றைத் தீட்டினாலே அது மனத்தில் குறுக்கிடுவது குறைகிறது.

ஆகவே, தலைக்குள் எதையும் சுமக்காதீர்கள். ஒரே ஒரு நாள்காட்டி, ஒரே ஒரு பட்டியல் போதும். நாள், நேரம் உள்ளவை நாள்காட்டிக்குப் போகவேண்டும்: மேற்பார்வையாளர் சந்திப்பு, நூல் திருப்பித்தரும் நாள், பருவப் பதிவுக்குக் கடைசி நாள், தங்கையின் நிச்சயதார்த்தம். மற்றவை பட்டியலுக்குப் போகவேண்டும். கைப்பேசிச் செயலியோ ஒரு ரிங்கிட் நோட்டுப் புத்தகமோ, எதுவானாலும் சரி. ஆனால், பாதி புலனத்தில், பாதி துண்டுக் காகிதத்தில், மீதி ஞாபகத்தில் என்று மூன்று இடத்தில் வைத்தால் மூன்றையுமே நம்பமுடியாமல் போகும்.

பட்டியலில் எழுதும் விதத்திலும் கவனம் வேண்டும். ‘இரண்டாம் அத்தியாயம்’ என்று எழுதினால் அதைப் பார்க்கும்போதெல்லாம் மலைப்புத்தான் வரும். ‘வியாழன் இரவு 9 மணி, சாப்பாட்டு மேசையில், வாசிப்புத் திறன் பற்றிய மூன்று கட்டுரைகளின் ஆய்வுமுறையை ஒப்பிட்டு ஒரு பக்கம்’ என்று எழுதினால் உட்கார்ந்ததும் தொடங்கிவிடலாம். எப்போது, எங்கே என்று முன்கூட்டியே முடிவு செய்வதன் பலனை ஜெர்மானிய உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் ஆராய்ந்தார். 1997இல் வெளியான அவருடைய ஆய்வு ஒன்றில், கிறிஸ்துமஸ் முந்திய நாளை எப்படிக் கழித்தோம் என்ற சிறு அறிக்கையை 48 மணி நேரத்துக்குள் எழுதும்படி மாணவர்களிடம் சொல்லப்பட்டது. எங்கே, எப்போது எழுதுவோம் என்று குறித்துக்கொண்டவர்களில் பத்தில் ஏழு பேருக்குமேல் குறித்த நேரத்துக்குள் எழுதினார்கள். அப்படிக் குறிக்காதவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவர்தான் எழுதினார். இரு சாராருக்கும் வேலை ஒன்றுதான். ஒரு சாரார் இடத்தையும் நேரத்தையும் முன்பே முடிவு செய்திருந்தார்கள்.

உட்கார்ந்தபின் ஒரு வேலையிலிருந்து இன்னொன்றுக்குத் தாவுவதைத் தவிருங்கள். அப்படித் தாவும்போது முந்திய வேலையின் எச்சம் மனத்தில் தங்கிவிடுகிறது என்பதை சோஃபி லெராய் என்ற ஆய்வாளர் 2009இல் விளக்கினார். இரண்டு பத்திக்கு இடையில் புலனக் குழுவை எட்டிப் பார்ப்பது ஒரு நிமிட வேலைதான். எழுத்துக்கு மனம் திரும்பத்தான் அதைவிட அதிக நேரம் ஆகிறது. இத்தாலியரான பிரான்செஸ்கோ சிரில்லோ மாணவராக இருந்தபோது, தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை வைத்து 25 நிமிடம் வேலை, ஐந்து நிமிடம் ஓய்வு என்று படித்தார். அவர் வகுத்த அந்த முறை இன்று உலகெங்கும் பின்பற்றப்படுகிறது. 25 நிமிடம் கைப்பேசியை அடுத்த அறையில் வைப்பது யாராலும் முடியும்.

காத்திருக்க வேண்டியவற்றை முதலில் தொடங்குங்கள்

ஆய்வில் சில வேலைகள் நம் கையில் இருக்கின்றன. சில வேலைகள் பிறர் கையில் இருக்கின்றன. தாமதம் பெரும்பாலும் இரண்டாவது வகையில்தான் வருகிறது. பள்ளி மாணவர்களிடம் தரவு திரட்டப்போகும் ஆய்வாளர், கல்வியமைச்சில் ஆய்வுகளுக்குப் பொறுப்பான பிரிவிடம் அனுமதி பெறவேண்டும். பிறகு மாநிலக் கல்வி இலாகா, பிறகு தலைமையாசிரியர், பிறகு பெற்றோரின் ஒப்புதல் என்று படிப்படியாகப் போகவேண்டியிருக்கும். பல்கலைக்கழகத்தின் ஆய்வு நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் தேவைப்படலாம். இதற்கிடையே பள்ளி விடுமுறை வந்துவிட்டால், அனுமதிக் கடிதம் கையில் இருந்தும் வகுப்பறையில் மாணவர் இருக்கமாட்டார்கள்.

ஆகவே, திட்டத்தைக் கடைசி நாளிலிருந்து பின்னோக்கிப் போடவேண்டும். ஆய்வேட்டை ஒப்படைக்கும் நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் மேற்பார்வையாளர் முழுதும் படிக்க எத்தனை வாரம், அதற்கு முன் மொழித் திருத்தத்துக்கு எத்தனை வாரம், அதற்கு முன் தரவுப் பகுப்பாய்வுக்கு எத்தனை வாரம் என்று பின்னால் நடந்து வாருங்கள். பள்ளி விடுமுறை, நோன்பு மாதம், தீபாவளி, தேர்வுக் காலம் எல்லாவற்றையும் நாள்காட்டியில் முதலில் வண்ணமிட்டுக்கொள்ளுங்கள். அனுமதி விண்ணப்பத்தை எந்த வாரத்தில் அனுப்பியாகவேண்டும் என்பது அப்போது கண்ணுக்குத் தெரியும். பெரும்பாலும் அது நீங்கள் நினைத்ததைவிட முன்னதாகவே இருக்கும். விண்ணப்பத்தை அனுப்பிவிட்டுக் காத்திருக்கும் வாரங்களில் இலக்கிய மீளாய்வை எழுதலாம்.

குறிப்பில் காட்டும் கவனம் ஆய்வேட்டைக் காக்கும்

மூன்றாம் ஆண்டில் ஓர் ஆய்வாளர் தம் குறிப்பேட்டில் அருமையான பத்தி ஒன்றைக் காண்கிறார். இது தாம் எழுதியதா, எங்கிருந்தோ எடுத்ததா என்று அவருக்கு நினைவில்லை. நூல் பெயரும் இல்லை, பக்க எண்ணும் இல்லை. நம் நாட்டுப் பல்கலைக்கழகங்கள் பல, ஆய்வேட்டை டர்னிட்டின் போன்ற மென்பொருளில் சோதிக்கின்றன. திருடும் எண்ணம் துளியும் இல்லாதவர்கூடக் குறிப்பெடுத்த ஒழுங்கின்மையால் கருத்துத் திருட்டுக் குற்றச்சாட்டுக்கு ஆளாகலாம். கணினியில் சிக்கினால் திருத்த வாய்ப்புண்டு; தேர்வாளர் கண்ணில் பட்டால் பல ஆண்டு உழைப்பின்மேல் ஐயம் விழும்.

இதைத் தவிர்க்க மூன்று பழக்கங்கள் போதும். பிறர் வரியை அப்படியே எடுத்தால் அந்த நொடியே மேற்கோள் குறி இடுங்கள். எந்தக் குறிப்பானாலும் ஆசிரியர், ஆண்டு, பக்கம் மூன்றையும் உடனே எழுதுங்கள். ஒவ்வொரு கட்டுரையையும் படித்து முடித்ததும், அது என்ன சொல்கிறது, என் ஆய்வுக்கு எப்படி உதவும் என்று உங்கள் சொந்த நடையில் நான்கு வரி எழுதுங்கள். ஜெர்மானியச் சமூகவியலாளர் நிக்லாஸ் லூமான் தாம் படித்ததையும் சிந்தித்ததையும் சிறு அட்டைகளில் எழுதி, எண் இட்டு, ஒன்றோடொன்று தொடர்புபடுத்தி வைத்தார். 1998இல் அவர் மறைந்தபோது ஏறத்தாழ 90,000 அட்டைகள் சேர்ந்திருந்தன. அவர் எழுதிக் குவித்த நூல்களுக்கு அந்த அட்டைப் பெட்டிகளே சுரங்கம். நமக்கு 90,000 வேண்டாம். படித்த நூறு கட்டுரைகளுக்கு நூறு குறிப்புகள் இருந்தால் இலக்கிய மீளாய்வு பாதி முடிந்ததுபோல.

மேற்கோள் பட்டியலைக் கையால் தட்டச்சு செய்யும் காலமும் போய்விட்டது. அமெரிக்காவின் ஜார்ஜ் மேசன் பல்கலைக்கழகத்தில் உருவாகி 2006இல் வெளியான ஸோட்டெரோ மென்பொருள் இலவசம். கட்டுரை விவரங்களைச் சேமிக்கும், ஏபிஏ போன்ற முறைகளில் பட்டியலைத் தானே அமைக்கும். தமிழ் நூல்களின் விவரத்தைப் பெரும்பாலும் நாமே தட்டச்சு செய்யவேண்டியிருக்கும். அதை நூல் கையில் இருக்கும் அன்றே செய்துவிட்டால், பின்னாளில் ஒரு பதிப்பாண்டுக்காக நூலகம் தேடி அலையும் நிலை வராது.

ஒரே பிரதி ஒரு பிரதியே அன்று

2021 டிசம்பரில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகத்தில், மீத்திறன் கணினியின் காப்புப் பிரதி எடுக்கும் அமைப்பில் நேர்ந்த கோளாற்றால் சுமார் 77 டெராபைட் ஆய்வுத் தரவு அழிந்தது. பதினான்கு ஆய்வுக் குழுக்கள் பாதிக்கப்பட்டன. அத்தனை வசதி உள்ள இடத்திலேயே இது நடக்குமென்றால், ஒரே மடிக்கணினியை நம்பியிருக்கும் மாணவரின் நிலையைச் சொல்லவேண்டியதில்லை. மடிக்கணினி திருடுபோகலாம், மழையில் நனையலாம், ஒருநாள் சும்மாவே இயங்காமல் நின்றுவிடலாம்.

கணினித் துறையினர் சொல்லும் 3-2-1 விதி நமக்கும் போதும். மூன்று பிரதிகள், இரண்டு வகைச் சாதனங்களில், அவற்றில் ஒன்று வீட்டுக்கு வெளியே. மடிக்கணினியில் ஒன்று, வெளி வன்தட்டில் ஒன்று, கூகல் டிரைவ் போன்ற மேகச் சேமிப்பில் ஒன்று என்று வைத்தால் விதி நிறைவேறிவிடும். கோப்புக்குப் பெயரிடும்போது ‘இறுதி’, ‘மெய்யான இறுதி’, ‘கடைசி இறுதி’ என்று அடுக்காமல் ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் தேதியை முன்னால் எழுதுங்கள். கணினி தானே வரிசைப்படுத்திவிடும். எது புதியது என்று திறந்து பார்க்கும் வேலை மிச்சம்.

மௌனமாகிவிடாதீர்கள்

மேலே சொன்ன எல்லாவற்றையும்விட இது முக்கியம். ஆய்வு தடைப்படும்போது மாணவர் செய்யும் முதல் காரியம் மேற்பார்வையாளரிடமிருந்து ஒளிவது. ஏதாவது எழுதிக் கொண்டுபோகலாம் என்று ஒரு வாரம் தள்ளிப் போடுவார். ஒரு வாரம் போய்விட்டால், இவ்வளவு நாள் கழித்துக் கொஞ்சமாகக் கொண்டுபோவதா என்று இன்னும் தள்ளுவார். மூன்று வார மௌனம் மூன்று மாதமாகும். ஆசிரியர்மேல் மரியாதை வைத்து வளர்ந்த நம் பிள்ளைகளுக்கு வெறுங்கையோடு அவர்முன் நிற்பது கூடுதல் கூச்சம்.

இந்தக் கூச்சத்துக்கு மருந்தும் ஓர் ஏற்பாடுதான். மாதம் இருமுறை, இன்ன கிழமை, இன்ன நேரம் என்று பருவத் தொடக்கத்திலேயே சந்திப்புகளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு சந்திப்புக்கும் முன்நாள் மூன்று வரி அனுப்புங்கள்: என்ன செய்தேன், எங்கே நிற்கிறேன், எதில் உதவி வேண்டும். எதுவும் எழுதவில்லை என்றாலும் போங்கள். எங்கே சிக்கியிருக்கிறேன் என்று சொல்வதே அன்றைய வேலை. திரும்பி வந்ததும், பேசி முடிவான விஷயங்களைச் சிறு மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். பல மாணவர்களைப் பார்க்கும் பேராசிரியர் போனமுறை என்ன சொன்னார் என்பதை மறந்திருக்கலாம். அந்த மின்னஞ்சல் இருவருக்கும் சாட்சி. தலைப்பை மாற்றச் சொன்னது யார், எப்போது என்ற குழப்பம் பின்னாளில் எழாது.

வீட்டாரிடமும் இதே வெளிப்படைத்தன்மை வேண்டும். சனிக்கிழமை காலை எட்டிலிருந்து பன்னிரண்டு வரை என்னை அழைக்காதீர்கள் என்று அம்மாவிடமும் துணையிடமும் சொல்லிவிடுங்கள். அதற்கு ஈடாக ஞாயிறு மாலை முழுதும் அவர்களுக்கே என்று உறுதி கொடுங்கள். சொன்ன வார்த்தையைக் காப்பாற்றினால் குடும்பமே உங்கள் அட்டவணையைக் காவல் காக்கும். தைப்பூசத்துக்கும் தீபாவளிக்கும் ஆய்வேட்டை மூடிவைப்பதில் குற்ற உணர்வு வேண்டாம். ஓய்வையும் நாள்காட்டியில் எழுதியவரால்தான் நிம்மதியாக ஓய்வெடுக்க முடியும். சோர்வு வாரக்கணக்கில் நீடித்தால், உறக்கம் கெட்டால், எந்த அட்டவணையும் அதைச் சரிசெய்யாது. பல்கலைக்கழகத்தின் ஆலோசனை மையத்தை நாடுவதில் வெட்கமில்லை.

படிவம் ஐந்திலும் ஆறிலும் இருப்பவர்களுக்கு

முதுகலை இன்னும் எட்டாத தூரம் என்று இடைநிலைப்பள்ளி மாணவர்கள் நினைக்கலாம். ஆனால், மணி அடிக்காமல் வேலை செய்யும் பழக்கத்தை இருபத்து மூன்று வயதில் திடீரென்று கற்றுக்கொள்வது கடினம். எஸ்.டி.பி.எம். மாணவர்கள் சில பாடங்களுக்குச் செய்யும் பாடப்பணி நல்ல ஒத்திகை. ஆசிரியர் கேட்கும்வரை காத்திராமல், ஒப்படைக்கும் நாளிலிருந்து பின்னோக்கி நாமே நான்கு சிறு காலக்கெடு வைத்துப் பார்க்கலாம். வாரத்தில் இரண்டு மணி நேரத்துக்கு, யாரும் சொல்லாமல், எங்கே உட்கார்ந்து எதைப் படிப்பது என்று முன்பே எழுதிவைத்துச் செய்துபார்க்கலாம். எவ்வளவு நேரம் ஆகும் என்று நினைத்தோம், உண்மையில் எவ்வளவு ஆனது என்று இரண்டையும் குறித்து வந்தால், பல்கலைக்கழகத்துக்குப் போகும்போது தம்மைப் பற்றிய நம்பகமான கணக்கு ஒன்று கையில் இருக்கும்.

ஏற்கெனவே மேற்கல்வியில் இருப்பவர்கள் இந்த ஞாயிற்றுக்கிழமை அரை மணி நேரம் ஒதுக்குங்கள். வரும் வாரத்தின் நாள்காட்டியைத் திறந்து, உண்மையில் கிடைக்கும் மணி நேரங்களை எண்ணுங்கள். அவற்றில் செய்யப்போகும் மூன்று வேலைகளை இடம், நேரத்தோடு எழுதுங்கள். பிறர் பதிலுக்காகக் காத்திருப்பவை எவை என்று பார்த்து நினைவூட்டல் அனுப்புங்கள். கோப்புகளின் பிரதியை எடுத்துவையுங்கள். மேற்பார்வையாளரோடு பேசி ஒரு மாதத்துக்கு மேலாகிவிட்டது என்றால், மற்ற எதையும் தொடுவதற்கு முன் அவருக்கு இரண்டு வரி மின்னஞ்சல் எழுதுங்கள். அடுத்த ஞாயிறும் இதையே செய்யுங்கள். ஆண்டுக்கு 60 நாள் மட்டுமே கையில் இருப்பவருக்கு, வாரம் அரை மணி நேரம் பெரிய செலவன்று. மீதி நேரம் எங்கே போனது என்று தெரியாமல் தவிப்பதுதான் பெரிய செலவு.